உங்களுக்குத் தெரியுமா? எந்த மெஷின் உங்கள் ராசிக்கு!

சென்னை மந்தைவெளியில் காசு போட்டுச் சக்கரம் சுற்றும் ஸ்லாட் மெஷின் கிடையாது; கோவாவின் மாண்டோவியில் உண்டு. கோவாவில் 1992இல் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இந்த மெஷின்களை வைக்க அனுமதி கொடுத்தார்கள். பிறகு பணஜியில், மாண்டோவி ஆற்றில் மிதக்கும் கப்பல்களிலும் கேசினோ வந்தது. நம் பக்கம் 1888ஆம் ஆண்டு சென்னை நகரப் போலீஸ் சட்டமும் 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டமும் வாசலிலேயே மறித்துவிடுகின்றன. செல்போனுக்குத்தான் வாசல் ஏது? ‘உங்கள் ஆட்டப் பாணிக்கு ஏற்ற வோலடிலிட்டியைத் தேர்ந்தெடுங்கள்’ என்ற உபதேசம் அதில் தாராளமாகக் கிடைக்கிறது. அது என்ன வோலடிலிட்டி?

★

ஏற்ற இறக்கம், அவ்வளவுதான். அடிக்கடி சில்லறையாகக் கொடுக்கும் மெஷினுக்குக் குறைந்த வோலடிலிட்டி. நெடுநேரம் ஒன்றுமே கொடுக்காமல் எப்போதோ ஒருமுறை கொட்டுவதற்கு அதிக வோலடிலிட்டி. முன்னது தினக்கூலி, பின்னது வருமா வராதா என்று தெரியாத போனஸ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 10 ரூபாய். முதல் மெஷின் 100 சுற்றில் சராசரியாக 45 முறை 20 ரூபாய் தருகிறது. இரண்டாவது, 1,000 சுற்றுக்கு ஒருமுறை 9,000 ரூபாய் தருகிறது. இரண்டுமே போட்ட பணத்தில் 90 சதவீதத்தைத் திருப்பித் தருகிற மெஷின்கள்தான். மந்தைவெளி மார்க்கெட்டில் காய் வாங்க வந்த 100 பேரிடம் தலைக்கு 1,000 ரூபாய் கொடுத்து, ஆளுக்கு 100 சுற்று ஆடச் சொல்கிறோம் என்று வையுங்கள். முதல் மெஷினில் பெரும்பாலோர் எண்ணூறிலிருந்து ஆயிரத்துக்குள் ஏதோ ஒரு தொகையோடு கிளம்புவார்கள்; பதின்மூன்று பேர் போலச் சிறு லாபம் பார்ப்பார்கள். இரண்டாவது மெஷினில் ஏறத்தாழ 90 பேர் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள், மீதிப் பத்துப் பேர் ஊரைக் கூட்டிச் சொல்வார்கள். மெஷின்காரருக்குச் சராசரியாகக் கிடைப்பது? இரண்டிலும் அதே 10,000 ரூபாய்.

ஆக, பாணியைப் பொறுத்து நாம் தேர்ந்தெடுப்பது பணம் போகும் விதத்தை மட்டும். எவ்வளவு போக வேண்டும் என்பதை மெஷின்காரர் முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார்.

★

அந்த 90 சதவீதம், கையில் கொண்டுபோன பணத்துக்கான உத்தரவாதம் அல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாகப் பொருந்துவது. 1,000 ரூபாயை முழுக்க ஆடினால் 900 மிஞ்சும். அதையும் ஆடினால் 810. அப்படியே ஏழாவது முறை முடிகிறபோது கையில் பாதிகூட இருக்காது.

★

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்க 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நொடிக்கு ஒரு சுற்று என்றால் அதற்குள் 200 சுற்று. சுற்றுக்குப் பத்து ரூபாய் என்றால் 2,000 ரூபாய் ஆடியாயிற்று. 90 சதவீத மெஷினில் சராசரி நஷ்டம் 200 ரூபாய். பெரிய பரிசு எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. சுற்று எவ்வளவு வேகம் என்று யாரும் கேட்பதில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

★

‘இவ்வளவு நேரம் கொடுக்கவில்லை, இனிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?’ ஆக வேண்டியதில்லை. மெஷினுக்கு ஞாபகம் கிடையாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ கேசினோவின் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று கட்டியவர்களின் பணமெல்லாம் கேசினோவுக்குப் போயிற்று.

★

ஸ்லாட் மெஷினில் செர்ரியும் எலுமிச்சையும் சுற்றுவது ஏன்? அமெரிக்காவில் காசுப் பரிசுக்குத் தடை வந்தபோது, ‘இது சூதாட்டம் இல்லை, பழ வாசனைச் சூயிங்கம் விற்கும் மெஷின்’ என்று சொல்லித் தப்பித்தார்கள். கம் போய்விட்டது, பழம் நின்றுவிட்டது. சட்டத்துக்குச் சாக்குச் சொல்வதில் உலகம் முழுக்க ஒரே குடும்பம்தான்.

★

சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் சான்பிரான்சிஸ்கோவில் 1890களில் செய்த ‘லிபர்ட்டி பெல்’ மெஷினில் மூன்று சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் பத்து இடங்கள். மொத்தம் 1,000 சேர்க்கை. உட்கார்ந்து எண்ணிவிடலாம், ஏமாற்றுவதற்கு இடம் கம்மி.

1984இல் டெல்னஸ் என்பவர் பெற்ற காப்புரிமை இதைத் தலைகீழாக்கியது. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 இடங்கள் இருக்கலாம். சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வதோ உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர். அதன் பட்டியலில் 64 இடங்கள் இருந்து, ஜாக்பாட் படத்துக்கு அதில் ஒன்றுதான் என்றால்? பார்க்கிறவர் 10,648இல் ஒன்று என்று மனக்கணக்குப் போடுவார். நிஜம் 2,62,144இல் ஒன்று. போதாததற்கு, ஜாக்பாட் படத்தை ஒட்டிய வெற்றிடங்களுக்குப் பட்டியலில் கூடுதல் இடம் கொடுத்துவிட்டால், ‘அடடா, ஒரு அங்குலத்தில் போச்சே!’ என்று ஆடுபவர் அடுத்த காசைப் போடுவார். அந்த ஒரு அங்குலம் தற்செயலாக வந்ததல்ல.

இன்றைய வீடியோ மெஷின்களில் இன்னொரு வேலையும் உண்டு. 20 ரூபாய் கட்டி 6 ரூபாய் வந்தாலும் விளக்கு மின்னும், இசை முழங்கும். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்தார்கள். இந்த 14 ரூபாய் நஷ்டம் போன்றவற்றுக்கும், உண்மையான வெற்றிக்கு ஆகிற மாதிரியே ஆடுபவரின் உடம்பு கிளர்ச்சி அடைந்தது. குறைந்த வோலடிலிட்டி மெஷினை ‘அடிக்கடி வெற்றி வேண்டுபவர்களுக்கு ஏற்றது’ என்று சிபாரிசு செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

★

மெஷின் இல்லாத ஊரிலும் வோலடிலிட்டி உண்டு. அண்ணா முதல்வராக இருந்த 1968இல் தமிழ்நாடு அரசு பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அதன் முழக்கம். சூதாட்டத்தை இவ்வளவு நாணயமாக விளம்பரம் செய்தவர்கள் வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து. 2003இல் ஜெயலலிதா அரசு லாட்டரி விற்பனைக்கே தடை போட்டது. தடைக்குப் பிறகும் திருட்டுத்தனமாக நடக்கும் ‘ஒரு நம்பர்’, ‘மூணு நம்பர்’ ஆட்டங்கள், சின்னப் பரிசு, அடிக்கடி வாய்ப்பு என்ற ஆசையில் ஓடுபவை.

எதிர்முனையில் கேரளாவின் திருவோணம் பம்பர். சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. 2023இல் அது வாளையாரில் சீட்டு வாங்கிய திருப்பூர் நண்பர்கள் நான்கு பேருக்கு விழுந்தது. செய்தி எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு விற்ற சீட்டு சுமார் 75 லட்சம் என்பதும், கமிஷனும் வரியும் போனால் 25 கோடியில் ஏறத்தாழ பாதிதான் கைக்கு வரும் என்பதும் அவ்வளவாகப் பரவவில்லை.

★

கிண்டி ரேஸ்காரர்களுக்கு வோலடிலிட்டி என்ற சொல் தெரியாவிட்டாலும் சங்கதி தெரியும். ‘பிளேஸ்’ கட்டுபவர் குதிரை முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும் என்பவர். ‘ஜாக்பாட்’ கட்டுபவர் ஐந்து ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சொல்லியாக வேண்டும். குதிரைப் பந்தயம் திறமை ஆட்டமே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெஷினுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. அதில் திறமைக்கு வேலையே இல்லை.

★

சிங்கப்பூரில் ஸ்லாட் மெஷினுக்கு ‘ஜாக்பாட் மெஷின்’ என்று பெயர். 2010இல் அங்கே கேசினோ திறந்தபோது, உள்நாட்டவர் உள்ளே போக ஒருநாள் கட்டணம் 100 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். 2019இல் அது 150 ஆனது. சுற்றுலா வந்த வெளிநாட்டவருக்கு இலவசம். யாருடைய பணம் போகலாம், யாருடையது போகக்கூடாது என்பதில் அந்த அரசுக்குக் குழப்பமே இல்லை. மந்தைவெளியிலிருந்து டூர் போகிறவர்கள் இந்த இலவசத்தைக் கௌரவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

★

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. அதில் வள்ளுவர் போடும் கணக்கு, ஒன்று வந்தால் நூறு போகும் என்பது. நம் 90 சதவீத மெஷினை விட மோசமான கணக்கு என்று மயிலாப்பூர் வள்ளுவர் கோயில் வாசலில் நின்று வாதாடலாம். ஆனால் ஜெயித்த பணத்தையும் திரும்பத் திரும்பப் போடுகிறவரின் மாதக் கணக்கைப் பார்த்தால், வள்ளுவர் சொன்னதற்கு மிக அருகில் வந்து நிற்கும்.

★

தமிழ்நாடு 2025இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு ஆதார் சரிபார்ப்பும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடையும் விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் அதை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தில் தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் உண்டு, ஆடியவருக்கு இல்லை. வீட்டில் யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் மறைக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.