அந்த விலங்கு எதைத் தின்னும்?

உட்கார் தம்பி, டீ சொல்லியிருக்கிறேன். நோட்டைக் காட்டு. இறக்கை, கொம்பு, மூன்று வால், வாயில் நெருப்பு. கோடு நன்றாக ஓடுகிறது. ஒன்று மட்டும் சொல்: இது எதைத் தின்னும்? யாருக்குப் பயப்படும்?

யோசிக்கிறாய். கையில் குறையில்லை, விலங்குக்குத்தான் இன்னும் பிழைப்பு கிடைக்கவில்லை.

ஆரணியிலேயே இருக்கிறாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமலைக்குப் போய் வா. ராஜராஜனின் தமக்கை குந்தவை பெயரில் ஜினாலயம் உள்ள மலை. நேமிநாதர் சிலையின் உயரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீ பார்சுவநாதரைத் தேடு. அவர் தலைக்கு மேல் பல தலை நாகம் இருக்கும். நல்ல பாம்பு படம் எடுப்பது உனக்குத் தெரிந்ததுதான். கழுத்து விலா எலும்புகளை அகட்டித் தோலை விரிக்கிறது, மிரட்டுவதற்காக. கதையில் பகைவன் கமடன் தவத்தைக் கலைக்கப் பெருமழை பெய்விக்கிறான். நாக அரசன் தரணேந்திரன் படத்தைக் குடையாகப் பிடிக்கிறான். அந்த மழைக்கு ஒரு படம் போதுமா? போதாது என்பதால்தான் தலைகள் பெருகின என்று எனக்குத் தோன்றுகிறது. படம் பாம்புடையது, அதற்கு வேலை கொடுத்தது கதை.

புலிக்கால் முனிவரை நினைத்துக்கொள். வண்டு தொடுமுன் சிவனுக்குப் பூப்பறிக்க வேண்டும், இருட்டில் மரமேற வேண்டும். அதனால் புலியின் கால்களையும் கண்களையும் வரமாகக் கேட்டார். இறக்கை கேட்கவில்லை பார்! தேவைக்கு மேல் ஓர் உறுப்புகூட இல்லாத உருவம் அது; எனக்கு மிகவும் பிடித்தது.

டீயை ஆறவிடாதே. இனி யாளிக்கு வருவோம். சங்கப் பாடல்களிலேயே அது யானையை வேட்டையாடுகிறது. காட்டில் யானையை மிஞ்சியது எது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் என்று அதைச் சொல்லலாம். வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம், 16-ஆம் நூற்றாண்டு வேலை. தூண்களில் பாய்ந்து நிற்கும் விலங்குகளைக் கிட்டே நின்று பார். யாளிக்குச் சிங்க உடல், பல இடங்களில் யானைத் தும்பிக்கையும் தந்தமும். நம் காடுகளில் சிங்கம் இல்லை. சிற்பிக்குக் கேள்விஞானம்தான் இருந்திருக்கும். யானையோ கோயில் வாசலிலேயே நின்றது. தும்பிக்கையின் மடிப்பு உயிரோடு இருக்கிறதென்றால், அந்தப் பழக்கம்தான் காரணம் என்பேன். இத்தாலியில் லியொனார்டோ டாவின்சியும் தன் குறிப்பேட்டில் இதே வழியைத்தான் எழுதிவைத்தார்: கற்பனை விலங்கு நிஜமாகத் தெரிய நாயின் தலை, பூனையின் கண், ஆமையின் கழுத்து என்று இருப்பவற்றிலிருந்தே எடு.

உறுப்புகளை ஒட்டும் இடம்தான் கடினம். சிங்கத் தோள் முடிந்து வேறொன்று தொடங்கும் கோடு பல்லிளிக்கும். நம்மவர்கள் அங்கே கொடியை விட்டார்கள். மகரத்தின் வாலைப் பார், சுருண்டு சுருண்டு இலையாகிவிடும். பட்டுப்புடவைக் கரையில் வரும் அன்னத்தின் வாலும் அப்படித்தான் கொடியாய் ஓடும்.

தறிக்குப் போகும் உருவத்துக்கு இன்னொரு கண்டிப்பு உண்டு. முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் துளையிடுவார்கள். ஜக்கார்டு பெட்டி அந்தத் துளைப்படி பாவு நூலைத் தூக்கும். கட்டத்தில் வளைவு கிடையாது, படிக்கட்டுதான். அந்தப் படிக்கட்டிலும் அன்னம் அன்னமாகத் தெரிய வேண்டும். கழுத்து வளைவு ஒன்று சரியாக அமைந்தால் போதும், மற்றதைக் கண் நிரப்பிக்கொள்ளும். உன் விலங்கையும் ஒருமுறை கட்டத்தில் வரைந்து பார்; எந்த உறுப்பு அதற்கு உயிர், எது சும்மா தொங்குகிறது என்று தாளே சொல்லிவிடும்.

நாளைக்குக் கமண்டல நாக நதிப் பக்கம் போ. வேலியில் ஓணான் தலையாட்டும், கொக்கு அசையாமல் நிற்கும். ஏதாவது ஒன்றை மட்டும் பொழுது சாயும்வரை வரை. இறக்கையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.