உலை வைக்கும் முன் ஒரு பிடி

"கொடுக்கணும்னு ஆசைதான், என் கையில் ஏது காசு?" என்று அலுத்துக்கொள்ளும் கிறிஸ்தவ சகோதரிகளுக்கு மிசோரம் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே 1910-ல் தொடங்கிய வழக்கம் 'பூஃபாய் தாம்', அதாவது பிடி அரிசி. ஒவ்வொரு வேளையும் சமையலுக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். வாரந்தோறும் சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரிப்பார்கள். அதை விற்ற பணம் ஊழியத்துக்கு. இன்று அது வருஷத்துக்குக் கோடிக்கணக்கில்! நம் நெல்லை, நாகர்கோவில் பக்கத்து வீடுகளுக்கும் பிடியரிசிக் கலயம் புதிதல்ல.

ஒன்று, அளந்த அரிசியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கூடுதலாக ஒரு பிடி அளந்து போட்டால் அது வீட்டுக்காரர் கொடுத்த தானம்! நம் சோற்றில் குறைந்தால்தானே நாம் கொடுத்தது? வண்டு விழுந்த அரிசியெல்லாம் கோழிக்குப் போகட்டும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியும் பால் கொடுப்பவளும் தன் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. அந்தப் பிடி மற்றவர்கள் பங்கில் குறையட்டும்.

உங்கள் சபையில் சேகரிக்க ஆள் இல்லையா? மாதம் ஒருமுறை, தெருவில் அடுப்பு எரியச் சிரமப்படும் வீட்டில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்கள் எந்த மதமாக இருந்தால் என்ன?