பூச்சிமருந்துக் கடையின் புதிய ஊழியருக்குக் கைப்பேசி வழிப் பாடம்

பயிரில் பூச்சி கண்டவுடன் குடியானவர் பலர் முதலில் செல்லுமிடம் வேளாண்மை அலுவலகமன்று. கடைத்தெருவிலுள்ள பூச்சிமருந்துக் கடையே. கடை அருகில் இருக்கிறது. தெரிந்தவர்க்குக் கடனும் கிடைக்கிறது. அங்கே சரக்கை எடுத்துக் கொடுப்பவர் பல சமயங்களில் கடையின் உரிமையாளர் அல்லர். சென்ற மாதம் வேலைக்குச் சேர்ந்த இளைஞராக இருப்பார். அவர் நீட்டும் புட்டி ஒரு பருவத்தின் மகசூலையே காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். ஆகவே அவருக்கு யார், எதை, எப்படிக் கற்பிக்கின்றனர் என்பது விவசாயிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் கவனிக்க வேண்டிய விஷயமாகும்.

உரிமையாளர்களுக்குப் பயிற்சி இல்லாமலில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண்மை விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. வாரம் ஒரு நாளாக, 48 வாரங்களில் 40 வகுப்புகளும் 8 வயல் பார்வைகளும் அதில் அடங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் புதிய ஊழியர் ஓராண்டு படித்துவிட்டா விற்கத் தொடங்குகிறார்? முதல் நாளிலேயே விற்கிறார். இந்த இடைவெளிக்கே கைப்பேசி வழிப் பாடம் பொருத்தமானது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ இதனைத் தானே தயாரித்துக்கொள்ளலாம்.

தயாரிப்போர் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்றுண்டு. கம்பெனியின் சரக்குப் பட்டியலையே பாடமாக்கிவிடுவார்கள். பாடம் சரக்கிலிருந்து தொடங்கக் கூடாது. வாங்க வருபவரின் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். பனமரத்துப்பட்டிக் கடையொன்றில் ஒரு வாரம் உட்கார்ந்து, வருவோர் கேட்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொண்டால் பாடத்திட்டத்தில் பாதி கிடைத்துவிடும். அரளிக் கொழுந்தில் மஞ்சளாக மொய்க்கும் அசுவினிக்கு என்ன செய்வது? மரவள்ளியின் நுனி சுருண்டு வெள்ளை படர்கிறதே, எதை அடிப்பது?

இரண்டாவது கேள்வியைச் சற்று விரித்துப் பார்ப்போம். தென் அமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி, இந்தியாவில் 2020-இல் கேரளத்தில் முதன்முதலாகக் காணப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் பகுதிகளிலும் பரவிற்று. அதன் உடல்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் உள்ளே இறங்காது. இதே பூச்சி ஆப்பிரிக்காவை வாட்டியபோது, ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைப் பரப்பி அடக்கினார்கள். அப்பணிக்காக ஹான்ஸ் ஹெரன் என்னும் அறிஞர் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெங்களூரிலுள்ள தேசிய ஆராய்ச்சி மையம் அக்குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. 2022 மார்ச்சு மாதம் நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது. இச்செய்தியை அறியாத ஊழியர் என்ன செய்வார்? கடுமையான மருந்தொன்றைக் கொடுப்பார். மாவுப்பூச்சி மெழுகுக்குள் பிழைக்கும், குளவி மடியும். அறிந்தவரோ, தாக்கப்பட்ட நுனிகளைக் கிள்ளி எரிக்கவும், பூச்சியற்ற கரணைகளை நடவும், குளவிக்கு வேளாண்மை அலுவலரை அணுகவும் சொல்வார். அன்று வியாபாரம் நடவாதுதான். ஆனால் அந்த விவசாயி மறுபடியும் அக்கடைக்கே வருவார்.

ஒவ்வொரு பாடமும் ஐந்து நிமிடத்திற்கு மேற்படாதிருத்தல் நலம். கடையில் ஆள் வராத வேளையில் கேட்டு முடிக்க வேண்டுமல்லவா? பேச்சு நம் வட்டாரத் தமிழில் இருக்கட்டும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாதபோதும் ஓட வேண்டும். தேனி மாவட்டத்தில் ஆடு வளர்க்கும் மகளிர்க்குக் கைப்பேசியில் குரல்வழிப் பாடங்கள் அனுப்பி முன்னரே பயன் கண்டிருக்கிறார்கள். எனவே இது கிராமத்துக்கு ஒவ்வாத புதுமையன்று.

பாடத்தின் முடிவில் மனப்பாடக் கேள்விகள் வேண்டா. ஒரு புட்டியின் படத்தைக் காட்டி, சீட்டிலுள்ள முக்கோணத்தின் நிறம் எதைக் குறிக்கிறது என்று கேட்கலாம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அதன்பின் மஞ்சள், நீலம், பச்சை என்னும் வரிசையில் கடுமை குறையும். பச்சை என்றால் தீங்கே இல்லை என்று நம்புவோர் படித்தவர்களிலும் உண்டு. தவறான விடை தந்தவருக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதைவிட, அவ்விடையால் வயலில் என்ன நேரும் என்று காட்டுவதே பயன் தரும். இதற்குப் பின்னும் ஒரு வாரமாவது மூத்த ஊழியரின் பக்கத்தில் நின்று பழகுதல் அவசியம். கைப்பேசியால் அதற்கு ஈடு செய்ய இயலாது.

அச்சிட்ட புத்தகத்தைவிட இதில் ஒரு வசதி உண்டு. 2011-இல் எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் தடை செய்தது போன்ற நிகழ்ச்சி நேர்ந்தால், அன்றே பாடத்தைத் திருத்திவிடலாம். திருத்தும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வைக்காவிடில் அவ்வசதியும் வீணே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விற்ற தொகைக்கேற்பக் கமிஷன் என்று ஊழியருக்குச் சம்பளம் பேசியிருந்தால், தேவையில்லாத மருந்தை விற்காதே என்னும் பாடம் அவர் காதில் ஏறாது. சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில், பாடம் தயாரிக்கும் செலவுக்கு அனுமதி கேட்கும்போதே இந்தச் சம்பள ஏற்பாட்டையும் உறுப்பினர்கள் விசாரிக்கலாம்.