வாரம் ஒரு பகுதி

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். வெள்ளிக்கிழமை மாலைகளில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தேவார வகுப்பு நடக்கும். பால்வெட்டிய என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் நான் ஒரு சொல்லைத் தவறாகப் பாடினால், பின்வரிசையிலிருந்தே திருத்துவார்.

பல்கலைக்கழகத்தில் சமய ஒப்பீட்டுப் பாடம் பயின்றபோது, யூதர்கள் தோரா ஓதும் முறையை அறிந்து வியந்தேன். மோசேயின் ஐந்து நூல்களே தோரா. அதை 54 பகுதிகளாகப் பிரித்து, சனிக்கிழமைதோறும் தொழுகைக் கூடத்தில் ஓதி, ஓராண்டில் முடிக்கிறார்கள். முடிக்கும் நாளிலேயே மீண்டும் ஆதியாகமத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். தோற்சுருளில் உயிர்க்குறிகளோ இசைக்குறிகளோ இல்லை. அதனால் ஓதுபவர் முன்கூட்டியே பயின்று வர வேண்டும். பிழை நேர்ந்தால் கேட்போர் அங்கேயே திருத்துவர். பின்வரிசையில் அமர்ந்த என் பாட்டிதான் நினைவுக்கு வந்தார்.

லேவியராகமத்தில் ‘கெதோஷிம்’ என்றொரு பகுதி உண்டு. ‘தூயவர்கள்’ என்பது பொருள். வயலின் ஓரத்துக் கதிர்களை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்கலாகாது. ஒரு காலத்தில் எகிப்தில் அந்நியராய் இருந்தவர்கள், அந்நியரை நேசிக்க வேண்டும் என்கிறது அது. தூய்மை என்றதும் நாம் வழிபாட்டை நினைக்கிறோம். அப்பகுதியோ கூலியையும் நிறைகோலையும் பற்றிப் பேசுகிறது.

தோட்டம் துண்டாடப்பட்டபின் நாங்கள் ஈப்போவில் குடியேறினோம். அப்பா சிறிய உணவுக்கடை வைத்தார். கடையில் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் இருந்தார். சம்பள நாள் கடந்தும், “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று அப்பா இருமுறை தள்ளிப் போட்டிருந்தார். அந்த விடுமுறையில் நான் மெல்லக் கேட்டேன்: “அப்பா, குத்தகையாளர் சம்பளத்தை இழுத்தடிச்சப்போ பாட்டி கடனுக்கு அரிசி வாங்கின கதையை நீங்கதானே சொன்னீங்க?”

அப்பா பதில் சொல்லவில்லை. கடை மூடுமுன் கல்லாவைத் திறந்து, பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

ஓதுவதில் நேரும் பிழையைக் காது உள்ளவர் திருத்திவிடலாம். வாழ்க்கையில் நேரும் பிழையைத் திருத்த, படித்தது வேளையில் நினைவுக்கு வர வேண்டும். வாரந்தோறும் கூடிப் படிப்பதன் பயன் அதுவே என்பது என் கருத்து.

நண்பர்களே, திருக்குறளில் 133 அதிகாரங்கள். வாரம் ஓர் அதிகாரம் கூடிப் படித்தால் இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்றே அதிகமாகும். நம் பட்டப்படிப்பு முடிவதற்குள் ஒரு சுற்று வந்துவிடலாம். இந்த வாரமே தொடங்குவோமா?