ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலிகள்

அடுத்த ஜும்ஆ தொழுகை முடிந்து எழும்போது உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஸஃப்புகளின் ஓரத்தில் எத்தனை நாற்காலிகள் போடப்பட்டுள்ளன என்று எண்ணுங்கள். ஒரு காலத்தில் பள்ளிவாசலில் நாற்காலி என்றால் அது தள்ளாத வயதை எட்டிய ஓரிரு பெரியவர்களுக்காக இருந்தது. இன்று பல ஊர்களில் அவற்றுக்கென்றே ஒரு வரிசை ஒதுக்கப்படுகிறது. அதில் அமர்ந்திருப்போரில் ஐம்பதைக் கடந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்களும் இருக்கின்றனர்.

எவரையும் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது மார்க்கம் அளித்துள்ள சலுகை. மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வினவியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் இவ்வாறே வழிகாட்டியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மூட்டுத் தேய்மானத்தாலும் முதுகெலும்பு நோயாலும் வருந்துவோர் அச்சலுகையைப் பயன்படுத்துவதில் கேள்விக்கே இடமில்லை. நாம் சிந்திக்க வேண்டியது, அந்த நாற்காலிக்கு வந்து சேர்வதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளைப் பற்றி.

முழங்கால் ஒரே நாளில் கைவிடுவதில்லை. முதலில் ஸஜ்தாவிலிருந்து எழும்போது ஒரு கை தரையில் ஊன்றுகிறது. சில ஆண்டுகளில் இரு கைகளும் ஊன்றுகின்றன. பிறகு தூணருகே இடம் தேடுகிறோம். உடல் நமக்கு இத்தனை முறை அறிவித்தும், 'வயதாகிவிட்டது' என்று ஒரு சொல்லில் அதைத் தள்ளிவிடுகிறோம்.

வயது ஒரு காரணமே. பலவீனத்தில் தொடங்கும் மனிதன் பலம் பெற்று, மீண்டும் பலவீனத்துக்கும் நரைக்கும் திரும்புவதைத் திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் நினைவூட்டுகிறது. ஆனால் அந்தத் திரும்பும் பாதையில் நாம் நடந்து செல்கிறோமா, உருண்டு விழுகிறோமா என்பதில் நம் பழக்கவழக்கங்களுக்குப் பெரும் பங்குண்டு. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்றும், அறுபதுக்குப் பின் இந்த இழப்பு விரைவடைகிறது என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. தசை கரைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுவதால் எடை பார்க்கும் கருவியில் எந்த மாற்றமும் தெரியாது. 'இருபது வருடமாக ஒரே எடை' என்று பெருமைப்படுபவரின் தொடையில் பாதி பலம் போயிருக்கலாம். உணவிலிருந்து வரும் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கி வைத்துக்கொள்வதும் தசைதான். அது சுருங்கினால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது.

தரையில் அமர்ந்து எழுவதை ஒரு பரிசோதனையாகவே பிரேசில் நாட்டு மருத்துவர்கள் அமைத்தனர். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைக் கைகளையோ முழங்காலையோ ஊன்றாமல் தரையில் அமர்ந்து எழச் செய்தனர். அமர்வதற்கு ஐந்து மதிப்பெண், எழுவதற்கு ஐந்து. ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் ஒரு மதிப்பெண் கழியும். பின்னர் அவர்களை ஆறாண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து வந்தனர். 2012இல் வெளியான முடிவின்படி, 8 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களோடு ஒப்பிட, 3க்கு மேல் பெற இயலாதவர்களிடையே அக்காலத்தில் மரணம் ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. தரையிலிருந்து எழப் பழகினால் ஆயுள் நீளும் என்று இதற்குப் பொருளல்ல. ஆயுளின் அளவு அல்லாஹ்விடம் இருக்கிறது. கால்பலமும் உடல் வளைவும் சமநிலையும் ஒன்றுசேர்ந்து குன்றுவது முழு உடலும் நலிவடைவதற்கான அடையாளம் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். (முழங்கால் வலி உள்ளவர்கள் தனியாக இதனை முயன்று பார்க்க வேண்டாம்.)

"நாங்கள்தாம் ஐவேளை தொழுகிறோமே, அதுவே பயிற்சியாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஃபர்ளு மட்டுமே நாளொன்றுக்கு 17 ரக்அத்துகள், 34 ஸஜ்தாக்கள். தரையோடு உள்ள தொடர்பு அறுந்துவிடாமல் அது காக்கிறது என்பது உண்மையே. ஆயினும் தொழுகையை உடற்பயிற்சி என்று சிலாகித்துப் பேசுவது எனக்கு உவப்பானதல்ல. அது இறைவன் முன் நிற்கும் வணக்கம். அதன் மேன்மைக்கு உடற்கூறு நூலின் சான்று தேவையில்லை. மேலும், சிறுவயது முதல் ஒரே அளவில் செய்துவரும் அசைவுக்கு உடல் பழகிவிடுகிறது; அது புதிதாகப் பலம் சேர்ப்பதில்லை. இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளிவாசலுக்கு மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிவிட்டு, தொழுகையே போதும் என்பது நியாயமாகவும் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் பெருமானார் (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை அபூதாவூத் நூலில் காண்கிறோம். முதல் முறை அன்னையார் வென்றார்கள். பின்னொரு நாளில் பெருமானார் வென்றார்கள். இது ஹிஜ்ரத்துக்குப் பிந்தைய நிகழ்ச்சி. அப்போது பெருமானாரின் வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இழந்த பலம் திரும்புமா என்ற ஐயத்துக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து 1990இல் ஒரு பதில் வந்தது. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்களால் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். அதை நிறைவு செய்த ஒன்பது பேரின் கால்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது, ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காயிற்று! தொண்ணூறில் இது நிகழுமானால் ஐம்பத்தைந்தில் நாம் சொல்லும் சாக்குப்போக்குக்கு என்ன மதிப்பு?

இதற்கு ஜிம் தேவையில்லை. உறுதியான ஒரு நாற்காலி போதும். சுவரை ஒட்டி அதைப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எழுந்து நின்று, மெதுவாக அமருங்கள். அரை நிமிடத்தில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12 என்ற எண்ணிக்கையை எட்டாவிட்டால் கால்பலம் சராசரிக்கும் குறைவு என்பது மருத்துவர்கள் கையாளும் அளவுகோல். சோதனையாகத் தொடங்கியதையே பயிற்சியாகவும் தொடரலாம். சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவதும், நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி ஐந்து நொடி நிறுத்துவதும் முழங்காலுக்குத் துணை நிற்கும் தசைகளை வலுப்படுத்தும். 'நடந்தால் மூட்டு மேலும் தேயும்' என்று பலர் அஞ்சுகின்றனர். மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பதே தக்க பயிற்சியைத்தான். ஓய்ந்து கிடந்தால் தசை மேலும் நலிந்து, மூட்டின் சுமை கூடுகிறது.

நடைக்கும் ஓர் அளவுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறிமுறை வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பையும், இரண்டு நாட்கள் தசைப் பயிற்சியையும், 65 வயதைக் கடந்தோருக்கு மூன்று நாட்கள் சமநிலைப் பயிற்சியையும் வலியுறுத்துகிறது. மிதமான வேகம் என்பதை எளிதில் அறியலாம்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பைத்துப் பாட முடியக்கூடாது. கடைத்தெருவில் நின்று நின்று ஸலாம் சொல்லி நலம் விசாரித்துச் செல்வது நல்ல பண்புதான். அது இக்கணக்கில் சேராது. நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர்களும் நோன்பு நாட்களில் பயிற்சியின் நேரத்தை மருத்துவரிடம் கேட்டே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, நம் வீட்டுப் பெண்களைப் பற்றி. ஆண்கள் பள்ளிவாசலுக்காகவேனும் ஐந்து முறை வாசற்படி இறங்குகின்றனர். நம் தாய்மார்களில் பலர் வாரக்கணக்கில் தெருவையே காண்பதில்லை. முன்பு அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்றுக் கயிறும் கைகால்களுக்கு வேலை கொடுத்தன; தரையில் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு எழுந்தார்கள். மீண்டும் அம்மிக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சுமையை அவர்கள் போதுமளவு சுமந்துவிட்டார்கள். ஆனால் அந்த உழைப்பு போன இடம் வெற்றிடமாகவே கிடக்கிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. வெயில் படாத வாழ்வில் வைட்டமின் டி குறைபாடும் சேர்கிறது. பிறகு குளியலறையில் ஒருமுறை வழுக்கினால் இடுப்பெலும்பு முறிவு. அதன்பின் உம்மா எழுந்து நடமாடுவது பல வீடுகளில் துஆவாகவே நின்றுவிடுகிறது.

பர்தாவைக் காரணம் காட்டுவது நம் சோம்பலுக்கு நாம் போடும் திரை. மொட்டை மாடியில் மறைப்புக் கட்டினால் வெயிலும் கிடைக்கும், நடையும் கிடைக்கும். பெண்கள் மதரஸாக்களின் கட்டடங்கள் பல ஊர்களில் மாலைக்குப்பின் பூட்டிக் கிடக்கின்றன. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம் அம்முற்றத்தை நம் தாய்மார்களுக்குத் திறந்துவிட ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என்ன செலவு ஆகிவிடும்? அடுத்த கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து கேளுங்கள்.

ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்துள்ளவர்களிடம் தனியாக ஒரு சொல். மகளின் நிகாஹ், வீட்டுக் கடன் எல்லாம் முடிந்து பணம் சேரும்போது நம்மவர்களுக்கு அறுபது கடந்துவிடுகிறது. பணத்தை இருபது ஆண்டுகளாகச் சேமித்தவர் காலுக்கென்று ஒன்றும் சேமித்திருப்பதில்லை. ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை செல்வது மட்டுமே சுமார் 3 கிலோமீட்டர். அதற்கு முன் தவாஃப் இருக்கிறது; பின்னர் மினாவில் கூடாரத்திலிருந்து ஜமராத்துக்கு நடை இருக்கிறது. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியை எட்டியது. சக்கர நாற்காலி அங்கே கிடைக்கும் என்பது உண்மை. தேவையானவர்களுக்கு அது அருட்கொடை. உங்களுக்கு அது தேவைப்படாமல் இருக்க, விண்ணப்பம் நிரப்பும் அன்றே நடையைத் தொடங்குங்கள். முதல் வாரம் பத்து நிமிடம். பிறகு வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டி, ஒரு மணி நேரம் களைப்பின்றி நடக்கும் நிலையை எட்டுங்கள். இஹ்ராமில் அணியப்போகும் செருப்பை ஊரிலேயே வாங்கி, ஒரு மாதமேனும் அதில் நடந்து பழகுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் வெயில் தரையில் நடப்பதைத் தவிர்த்து, இரவில் படுக்குமுன் உள்ளங்கால் இரண்டையும் விளக்கொளியில் பார்த்துவிடுங்கள். உணர்ச்சி குன்றிய காலில் கொப்புளம் வந்தால் வலி சொல்லாது.