இளையோர் பாட்மிண்டன்: பதக்கம் கிடைத்தது, பாதை கிடைக்குமா?

புது தில்லி: பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய மண்ணில் நடைபெற்ற உலக ஜூனியர் பாட்மிண்டன் சாம்பியன்ஷிப் போட்டி, ஒரு வெள்ளியையும் அணிப் பிரிவில் நாட்டின் முதல் வெண்கலத்தையும் தந்து 2025 அக்டோபர் 19-ம் தேதி நிறைவடைந்தது. பதக்கங்களோடு ஒரு கேள்வியையும் அது விட்டுச் சென்றுள்ளது. 19 வயதுக்குள் சாதிக்கும் பிள்ளைகளை அதற்குப் பிறகு தாங்கிப் பிடிப்பது யார்?

அஸ்ஸாம் மாநிலம் குவாஹாட்டியில் உள்ள தேசிய உயர் சிறப்பு மையத்தில் நடந்த இப்போட்டியில், மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டத்துக்கு முன்னேறினார் பஞ்சாபின் ஹோஷியார்பூரைச் சேர்ந்த தன்வி சர்மா. தாய்லாந்து வீராங்கனை அன்யாபட் பிச்சித்பிரீசாசக்கிடம் 7-15, 12-15 என்ற கணக்கில் தோற்று அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். வழக்கமான 21 புள்ளிகளுக்குப் பதிலாக 15 புள்ளி கொண்ட கேம்களாகப் போட்டி நடத்தப்பட்டது. சாய்னா நெவாலுக்குப் பிறகு இப்போட்டியில் பதக்கம் வென்ற முதல் இந்திய வீராங்கனை தன்விதான்.

புணே தந்த தங்கம்: இதற்கு முன் இந்தியாவில் இப்போட்டி நடந்தது 2008-ல், புணேயில். அவ்வாண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் காலிறுதி வரை சென்று திரும்பியிருந்த சாய்னா, இறுதி ஆட்டத்தில் ஜப்பானின் சயாகா சாடோவை 21-9, 21-18 என்ற கணக்கில் வென்றார். உலக ஜூனியர் போட்டியில் இந்தியா பெற்ற ஒரே தங்கம் அது. நான்கு ஆண்டுகளில் லண்டன் ஒலிம்பிக் வெண்கலம் அவரைத் தேடி வந்தது. அந்தப் புணே போட்டி முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு பிறந்தவர் தன்வி.

1992-ல் ஜகார்த்தாவில் தொடங்கிய இப்போட்டியின் தனிநபர் பிரிவில் குவாஹாட்டி வரை இந்தியா வென்ற பதக்கங்கள் 12: ஒரு தங்கம், ஐந்து வெள்ளி, ஆறு வெண்கலம். 1996-ல் டென்மார்க்கில் அபர்ணா போபட் வென்ற வெள்ளியே இவற்றில் முதலாவது. 2022-ல் ஸ்பெயினின் சான்டாண்டர் நகரில் தமிழகத்தின் சங்கர் முத்துசாமி வென்றதும் வெள்ளியே. 12 பதக்கங்களும் ஒற்றையர் பிரிவில் கிடைத்தவை. இரட்டையர் பிரிவில் ஒன்றுகூட இல்லை.

நீண்ட காத்திருப்பு: ஜூனியர் பதக்கத்தை வைத்து எதிர்காலத்தைக் கணித்துவிட முடியாது என்பதே இந்தப் பட்டியல் சொல்லும் பாடம். 2010-ல் மெக்ஸிகோவில் வெண்கலம் வென்றவர்கள் சாய் பிரணீத்தும் எச்.எஸ். பிரணாயும். உலக சாம்பியன்ஷிப்பில் பிரணீத் வெண்கலம் வென்றது 2019-ல். பிரணாய் வென்றது 2023-ல். முன்னவர் 9 ஆண்டுகளும் பின்னவர் 13 ஆண்டுகளும் காத்திருக்க நேர்ந்தது. 2015-ல் பெருவில் வெள்ளி வென்ற சிரில் வர்மாவுக்கு சீனியர் பிரிவில் அந்த உயரம் வாய்க்கவில்லை. மாறாக, 2019-ல் உலக சாம்பியனான பி.வி. சிந்து, உலக ஜூனியர் போட்டியில் பதக்கம் வென்றதே இல்லை.

ஆக, 18 வயதில் கழுத்தில் ஏறும் பதக்கத்துக்கும் சீனியர் அரங்கில் கிடைக்கும் அங்கீகாரத்துக்கும் இடையே பல ஆண்டுகள் உள்ளன. பயிற்சிக் கட்டணம், வெளிநாட்டுப் பயணம், காயத்துக்கான சிகிச்சை, நாள்தோறும் கிழிந்து வீணாகும் இறகுப் பந்துகள் என அந்த ஆண்டுகளின் செலவு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. படிப்பா, விளையாட்டா என்று முடிவெடுக்க வேண்டிய வயதும் அதுவே.

அரசு உதவி எதுவுமே இல்லை என்று கூற முடியாது. "கேலோ இந்தியா" திட்டத்தில் தேர்வு பெறும் இளம் வீரர்களுக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வீதம் தொடர்ந்து 8 ஆண்டுகள் உதவித்தொகை என மத்திய அமைச்சரவை 2017-ல் முடிவெடுத்தது. 2014-ல் தொடங்கப்பட்ட ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டமும் தேர்ந்தெடுத்த சிலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் தேர்வுப் பட்டியலில் இடம்பெறாதவர்களுக்கும், காயத்தால் ஓராண்டு ஒதுங்கியவர்களுக்கும் இவற்றால் பயனில்லை.

தெற்கு நோக்கிய பயணம்: விளையாட்டு, அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் உள்ளது. எனினும் பாட்மிண்டன் வளர்ந்தது மாநில அரசுகளைவிடத் தனிமனிதர்களின் முயற்சியால்தான். பெங்களூரில் பிரகாஷ் படுகோன் 1994-ல் தொடங்கிய பயிற்சி மையமும், ஹைதராபாதில் கோபிசந்த் தமது வீட்டை அடமானம் வைத்து எழுப்பிய மையமுமே இரு பெரும் தூண்கள். பின்னதற்கு நிலம் தந்தது அன்றைய ஆந்திர அரசு. உத்தரகண்டின் அல்மோராவிலிருந்து லக்ஷயா சென் பெங்களூருக்கும், மத்தியப் பிரதேசத்தின் தார் நகரிலிருந்து சமீர் வர்மா ஹைதராபாதுக்கும் சென்றது இதனால்தான். பிள்ளையைத் தொலைதூரத்துக்கு அனுப்பவோ, உடன் குடிபெயரவோ இயலாத குடும்பங்களின் திறமை ஊரிலேயே முடங்கிவிடுகிறது.

குவாஹாட்டி மையம் இந்த வரைபடத்தைச் சற்றே மாற்றியுள்ளது. இந்திய பாட்மிண்டன் சங்கத்தின் இந்த மையம் 2023-ல் திறக்கப்பட்டது. சிந்துவின் பயிற்சியாளராக இருந்த தென் கொரியாவின் பார்க் டே-சாங், இரட்டையர் பிரிவில் 2016 ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற ரஷியாவின் இவான் சோசோனோவ் உள்ளிட்ட வெளிநாட்டினர் இங்கு பயிற்சி தர அமர்த்தப்பட்டனர். சிறு வயதில் ஹைதராபாதில் பயின்ற தன்வி, பின்னர் மெருகேறியது இங்குதான்.

அணி வெண்கலத்தின் பொருள்: இங்குதான் அணிப் பிரிவு வெண்கலம் முக்கியத்துவம் பெறுகிறது. சுஹந்தினாட்டா கோப்பைக்கான இப்போட்டியில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என அனைவரும் மாறி மாறி ஆடி 45 புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு நட்சத்திரத்தை நம்பி இதில் கரையேற முடியாது. காலிறுதியில் தென் கொரியாவிடம் முதல் செட்டை 44-45 என இழந்த இந்தியா, அடுத்த இரண்டையும் 45-30, 45-33 எனக் கைப்பற்றியது. அரையிறுதியில் இந்தோனேசியா 45-35, 45-21 என வென்று இந்தியாவின் பயணத்தை முடித்து வைத்தது.

குவாஹாட்டியில் போட்டி நடந்தபோது பாட்மிண்டன் சங்கத்தின் தலைவராகவும் அஸ்ஸாம் முதல்வராகவும் இருந்தவர் ஒருவரே: ஹிமந்த விஸ்வ சர்மா. கோப்புகள் விரைவாக நகர இது உதவும் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், பதவிகள் கைமாறினாலும் மையம் தொய்வின்றி நடக்க வேண்டும். அத்தகைய மையம் பிகாருக்கும் ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் கிடைக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சங்கங்களுக்கு அங்கீகாரம் வழங்க ஒரு வாரியத்தையும் தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்த வழி செய்கிறது. நிர்வாகத்தைச் சீர்செய்யும் இச்சட்டம், 19 வயதைக் கடந்த வீரரின் பயிற்சிச் செலவுக்குப் பொறுப்பேற்பதில்லை.

அணி வெண்கலம் வென்ற இளைஞர்கள் அனைவரும் தன்வியாகிவிடப் போவதில்லை. ஆனால் பிரணாய்க்கு ஆன 13 ஆண்டுகள் அவர்களில் எவருக்கும் தேவைப்படலாம். 8 ஆண்டு உதவித்தொகை முடிந்த பிறகும் அவர்கள் களத்தில் நிற்க வழி செய்வதில்தான் குவாஹாட்டியின் உண்மையான வெற்றி அடங்கியுள்ளது.