திருவண்ணாமலையில் வளர்ந்தவரின் கம்ப்யூட்டர் கம்பெனி: ஓகோ என்று ஓடி 2½ ஆண்டில் திவால்!

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி ஓடி விளையாடிய வெள்ளைக்காரச் சிறுவன், பிற்காலத்தில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்கினார். ஒரே மாதத்தில் 10 ஆயிரம் பெட்டி வரை விற்றார். பிறகு அவசரப்பட்டு வாயை விட்டார். கம்பெனி திவால்!

அவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் பக்தர். 2-வது உலகப்போரில் ஜப்பானியரிடம் தந்தை சிறைப்பட்டிருந்தபோது, தாயும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்கி இருந்தனர்.

பிறகு இங்கிலாந்தில் படிப்பு. அமெரிக்காவில் டாக்டர் பட்டம்.

தையல் மிஷின் மாதிரி

1981 ஏப்ரலில் 'ஆஸ்போர்ன்-1' வெளிவந்தது. வடிவமைத்தவர் லீ பெல்சென்ஸ்டைன். விலை 1,795 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 15 ஆயிரம் ரூபாய்.

மூடினால் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். எடை 11 கிலோ! கையில் தூக்கிப் போகலாம் என்றார்கள். தூக்கியவர் தோளுக்குத்தான் தெரியும் அந்தச் சங்கதி. திரையோ 5 அங்குலம். போஸ்ட் கார்டைவிடச் சின்னது.

அப்படியும் ஜனங்கள் ஏன் வாங்கினார்கள்? சூட்சுமம் விலையில் இருந்தது. கடிதம் தயாரிக்க 'வேர்ட்ஸ்டார்', கணக்குப் போட 'சூப்பர்கால்க்' என்று சாப்ட்வேர்களையும் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார். தனியாக வாங்கினால் அவற்றுக்கே சுமார் 1,500 டாலர் ஆகும். துணி எடுத்தால் தையல் கூலி இலவசம் என்கிற கதைதான். கூட்டம் சும்மா இருக்குமா?

"புதுசு வருது!"

1983-ல் வினை வந்தது. 'எக்சிகியூடிவ்' என்ற அடுத்த மாடல் பற்றி, சரக்கு கடைக்கு வருமுன்பே ஆஸ்போர்ன் பேசிவிட்டார். புதுசு வருதாமே, பழசு எதுக்கு? வியாபாரிகள் ஆர்டரை ரத்து செய்தனர். கோடவுனில் சரக்கு தேங்கியது. கல்லாவில் பணம் விழவில்லை.

பேச்சு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 9 அங்குலத் திரையுடன் 'கேப்ரோ' போட்டிக்கு வந்திருந்தது. ஐ.பி.எம். வேறு களத்தில் இறங்கி இருந்தது. 1983 செப்டம்பர் 13-ந் தேதி கம்பெனி திவால் மனு கொடுத்தது. முன்கூட்டியே அறிவித்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே பெயர் வந்துவிட்டது. பாவம்!

கொடைக்கானலில்

அவர் சோர்ந்துவிடவில்லை. 1984-ல் மலிவு விலை சாப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். 'லோட்டஸ்' நிறுவனம் அதன் மீது வழக்குப் போட்டது. 1990-ல் தீர்ப்பு லோட்டசுக்குச் சாதகமானது.

மூளை நோயால் உடல் தளர்ந்து, 1992-ல் இந்தியா திரும்பினார். சிறுவயதில் படித்த கொடைக்கானலில் 2003 மார்ச் 18-ந் தேதி இறந்தார். வயது 64.